ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ்: கோவையில் இருந்துகொண்டே முடியுமா?

சோமனூரான் | ஞாயிறு, இரவு 10.50

வணக்கங்க. மூன்று வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முதல்முறை எழுதுகிறேன்.

வயது 34. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. மொத்த அனுபவம் 11 வருடம், இந்த இடத்தில் 6 வருடம் 2 மாதம். ஜாவாவில் சர்வர் பக்கம் புரோகிராம் எழுதுகிறேன். பிடித்தமெல்லாம் போகக் கையில் 1,18,000 வருகிறது. வீட்டுக் கடன் தவணை 31,000. மனைவிக்குத் தனியார் பள்ளியில் ஆசிரியை வேலை, சம்பளம் 19,000. பெண் இரண்டாம் வகுப்பு.

விட நினைப்பதற்குப் பெரிய கதை எதுவும் இல்லை. காலையில் ஆபீசுக்குப் போய் வருகைப்பதிவு போட வேண்டும், இரவு பதினொன்று வரை அமெரிக்காக்காரர்களோடு கால் பேச வேண்டும். இரண்டில் ஒன்று என்றால் பொறுத்துக்கொள்வேன். பெண் தூங்கிய பிறகு வீட்டுக்குள் வந்து, அவள் எழும் முன்பே குளித்துக் கிளம்புகிறேன்.

பழைய டீம் நண்பர் ஒருவர் இப்போது ஜெர்மனியில் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறார். வாரம் 15 மணி நேரம், மணிக்கு 20 யூரோ, ஆறு மாதத்துக்கு உறுதி என்கிறார். ரூபாயில் மாதம் ஒன்றேகால் லட்சம் சுற்றி வரும். கையில் சேமிப்பு 5 லட்சம். நோட்டீஸ் 90 நாள்.

பெங்களூரில் செய்கிறவர்களின் வீடியோ நிறைய பார்த்துவிட்டேன். நம் பக்கம் இருந்துகொண்டு செய்தவர்கள் சொல்லுங்கள். வெற்றிக்கதை வேண்டாங்க, கணக்கு வேண்டும்.

பட்டறைக்காரர் | ஞாயிறு, இரவு 11.25

தம்பி, நீங்கள் ஃப்ரீலான்ஸ் என்று சொல்வது நம் ஊருக்குப் புதுசு இல்லைங்க. ஜாப் ஒர்க் என்று பெயர். கணபதியில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் நாலு பேர் செய்துகொண்டிருப்பார்கள்.

நான் 1998 வரை ஒரு பம்ப் கம்பெனியில் டர்னர். மாதச் சம்பளம், தீபாவளிக்கு போனஸ், இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. விட்டுவிட்டுச் செகண்ட்ஹேண்ட் லேத் ஒன்று வாங்கிப் போட்டேன். நான் வேலை பார்த்த கம்பெனியே முதல் பார்ட்டி, அதாவது வாடிக்கையாளர். பொருள் அவர்களுடையது, கூலி நம்முடையது. முதல் மாதம் பில் போட்டபோது சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு. வீட்டில் எல்லோருக்கும் துணி எடுத்தேன்.

அந்தப் பில்லுக்குப் பணம் வந்தது 75 நாள் கழித்து.

அந்த 75 நாளை எப்படி ஓட்டினேன் என்று எழுதினால் இந்தப் பக்கம் போதாது. வீட்டுக்காரம்மா வளையல் அடகுக்கடைக்குப் போனது முதல்முறை அப்போதுதான். வேலை தெரியாமல் பட்டறையை மூடியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பில்லுக்கும் பணத்துக்கும் நடுவில் இருக்கிற நாளில் மூச்சு முட்டி மூடியவர்கள்தான் அதிகம். உங்களிடம் மணிக்கு எத்தனை யூரோ என்று இருக்கிறது, பணம் எந்தத் தேதியில் என்று இல்லையே?

வாய்க்கால்மேடு | திங்கள், காலை 6.10

5 லட்சம் சேமிப்பு, 31,000 தவணை. தைரியந்தான். எங்கள் கோபி பக்கம் வாழை போடுகிறவன்கூட இதைவிட யோசித்துப் போடுவான்.

பெருந்துறை அம்மிணி | திங்கள், காலை 9.40

வாய்க்கால்மேடு அண்ணா, காலையிலேயே ஆரம்பிக்காதீர்கள்.

சோமனூரான், நான் 2019-இல் விட்டேன். சென்னையில் விளம்பரக் கம்பெனி வேலை. கல்யாணமாகிப் பெருந்துறை வந்தேன், ஆங்கிலக் கட்டுரை எழுதுவதும் தமிழ் மொழிபெயர்ப்பும் தொழிலாயிற்று. ஆரம்பத்தில் ஃபைவர் என்ற ஃப்ரீலான்ஸ் இணையதளத்தில் கணக்குத் திறந்தேன். அங்கே நூறு ரூபாய்க்கு வேலை செய்தால் இருபது அவர்களுக்கு. மீதி எண்பதிலும் பணமாற்றத்தில் கொஞ்சம் போகும். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு மூன்று மாதம் ஆனது, விலை போடும்போது அந்த இருபதை நான் சேர்க்கவே இல்லை.

2021, 22 நல்ல வருடங்கள். 2022 முடியும்போது சாட்ஜிபிடி வந்தது. அதற்குப் பிறகு என் வருமானத்தில் நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன், எல்லோருக்கும் அப்படி என்று சொல்லவில்லை. சொல்லுக்கு இரண்டு ரூபாய் கொடுத்த பார்ட்டி "நாங்கள் மெஷினில் எழுதிக்கொள்கிறோம், நீங்கள் திருத்தினால் போதும்" என்று 60 பைசாவுக்கு இறங்கினார். மெஷின் எழுதியதைத் திருத்துவது புதிதாக எழுதுவதைவிட நேரம் பிடிக்கிறது என்று அவருக்குப் புரிய வைக்க முடியவில்லை. எட்டு பார்ட்டியில் ஐந்து பேர் போனார்கள். மிஞ்சிய மூன்று பேர் மருந்துக் குறிப்பு, ஒப்பந்தம், அரசு அறிக்கை என்று தப்பு வந்தால் மாட்டிக்கொள்கிற வேலை தருகிறவர்கள். இப்போது அதில்தான் ஓடுகிறது.

ஈரோட்டுக்காரர்களுக்கு மஞ்சளைச் சொன்னால் புரியும். 2011 தொடக்கத்தில் குவிண்டால் பதினைந்தாயிரத்தைத் தாண்டியது. அதைப் பார்த்து எல்லோரும் மஞ்சளே போட்டார்கள், அடுத்த வருடம் ஐயாயிரத்துக்கும் கீழே வந்தது. கிடங்கில் வைத்துக் காத்திருக்கத் தாக்குப்பிடித்தவர்கள் பிழைத்தார்கள். உங்கள் வேலையிலும் இன்றைய மணிக்கூலி நாளைக்கு இருக்கும் என்று எழுதி வைக்காதீர்கள்.

இன்னொன்று. வீட்டிலிருந்து வேலை என்றால் "சும்மாதானே இருக்கிறாள்" என்பதுதான் அக்கம்பக்கத்துத் தீர்ப்பு. கேஸ் சிலிண்டர் வாங்கி வைப்பது, பக்கத்து வீட்டுச் சாவி, உறவில் யாருக்காவது ஆஸ்பத்திரித் துணை, எல்லாம் என் தலையில். நீங்கள் ஆண் என்பதால் சாவி வராது. ஆஸ்பத்திரித் துணை கண்டிப்பாக வரும்.

பேரேடு | திங்கள், இரவு 8.15

பொள்ளாச்சியில் வரிக் கணக்கு எழுதுகிறேன். கணக்குக் கேட்டதால் வருகிறேன்.

முதலில் உங்கள் 1,18,000 உண்மையில் எவ்வளவு என்று பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?

சோமனூரான் | திங்கள், இரவு 8.40

52,000 சார்.

பேரேடு | திங்கள், இரவு 9.30

சரி. பி.எஃப். உங்கள் பங்கு 12 சதவீதம், கம்பெனி பங்கு 12 சதவீதம். முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பிடிக்கிறார்கள் என்றால் இரண்டும் சேர்த்து வருடம் ஒன்றரை லட்சம். கிராஜுவிட்டி: அடிப்படையை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 30,000, வருடத்துக்கு அவ்வளவு சேர்கிறது. ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் விடும்போது 6 வருடத்துக்கு 1,80,000 உங்களுக்கு வர வேண்டும், கேட்டு வாங்குங்கள். நாலரை வருடத்தில் அவசரப்பட்டு விட்டு இதை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கையில் வருவது வருடத்துக்கு 14.16 லட்சம். அதோடு பி.எஃப்., கிராஜுவிட்டி, நீங்களே எடுக்கப்போகிற மருத்துவக் காப்பீடு, லேப்டாப், யு.பி.எஸ்., இரண்டு நெட் இணைப்பு, என்னைப் போல ஒருவனுக்குக் கூலி, எல்லாம் கூட்டினால் 17 லட்சத்தைத் தொடும். இன்றைக்கு இருக்கிற நிலையிலேயே நிற்க உங்களுக்கு அவ்வளவு வேண்டும்.

இப்போது நாள் கணக்கு. வருடத்தில் சனி, ஞாயிறு போனால் 261 நாள். நோம்பி, நொடி, காய்ச்சல், ஊர்க் கல்யாணம் போக 234 என்று வையுங்கள். அத்தனை நாளும் கூலி வராது. பார்ட்டி பிடிப்பது, விலை பேசுவது, பில் போடுவது, பணத்துக்கு விரட்டுவது, புதிதாகப் படிப்பது இதற்கெல்லாம் யாரும் காசு தர மாட்டார்கள். நூற்றில் அறுபது நாளுக்குக் கூலி கிடைத்தால் நல்ல வருடம். அப்படியானால் 140 நாள். 17 லட்சத்தை 140-ஆல் வகுங்கள், ஒரு நாளைக்கு 12,000-க்குக் கொஞ்சம் மேல். ஆறு மணி நேர வேலை என்றால் மணிக்கு 2,000. உங்கள் 20 யூரோ அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அதாவது மிச்சம் எதுவும் இல்லை.

வரி மட்டும் உங்கள் பக்கம். 44ஏடிஏ என்று ஒரு பிரிவு. தொழில்நுட்ப ஆலோசனை, பொறியியல், தகவல் தொழில்நுட்பம் மாதிரிப் பட்டியலில் உள்ள தொழில்களுக்கு, வரவு 50 லட்சம் வரை (ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை) பாதியை வருமானம் என்று காட்டினால் போதும், செலவுக்கு ரசீது காட்ட வேண்டாம். 17 லட்சம் வந்தால் வருமானம் எட்டரை லட்சம். 2025-26 கணக்குப்படி புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை தள்ளுபடி, ஆக வரி பூஜ்யம். 2026 ஏப்ரலில் இருந்து புதுச் சட்டம் என்பதால் பிரிவு எண் வேறு, ஏற்பாடு அதேதான்.

பெருந்துறை அம்மிணி, எழுத்தும் மொழிபெயர்ப்பும் அந்தப் பட்டியலில் நேராக இல்லை. உங்களுக்குக் கணக்குப் பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய்க்கால்மேடு | திங்கள், இரவு 9.50

பூஜ்யமா! அப்புறம் எதற்கு ஊரில் ஒருத்தன் கம்பெனியில் இருக்கிறான்? எல்லோரும் விட்டுவிட்டு வாருங்கள், டைடல் பார்க்கில் நெல் காயப் போடலாம்.

பேரேடு | திங்கள், இரவு 10.20

சிரிக்கலாம். அந்தப் பூஜ்யத்துக்கு ஒரு விலை உண்டு. வீட்டுக் கடன், தொழில் கடன் எதற்குப் போனாலும் வங்கி இரண்டு மூன்று வருட ரிட்டர்ன் கேட்கும். அதில் இருப்பது எட்டரை லட்சம், பதினேழு இல்லை. வரியில் பாதி காட்டி மகிழ்ந்தவர் கடன் கேட்கும்போதும் பாதி ஆள்தான். மேல்கடன், வண்டிக் கடன், கிரெடிட் கார்டு என்று எது வேண்டுமென்றாலும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி. வருட வரவு 20 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். ஜி.எஸ்.டி. துறைக்கு உறுதிக் கடிதம் கொடுத்துவிட்டால் வெளிநாட்டுப் பார்ட்டிக்கு வரி இல்லாமல் பில் போடலாம். அந்தக் கடிதத்தை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், மறந்துவிட்டு மார்ச்சில் ஓடி வருகிறவர்கள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள். வெளிநாட்டில் இருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் வங்கியில் வரவுச் சான்று வாங்கி வையுங்கள். உள்ளூர்க் கம்பெனி உங்கள் பில்லில் 10 சதவீதம் வரை டி.டி.எஸ். என்று முன்கூட்டியே வரி பிடிக்கும், ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்பும். அதுவரை அந்தப் பணம் உங்கள் கையில் இருக்காது.

பி.எஃப். பணத்தில் கை வைக்காதீர்கள். வேலையை விட்டாலும் 58 வயது வரை வட்டி ஏறும். விட்டபின் ஏறும் வட்டிக்கு மட்டும் வரி.

திரும்பியவன் | செவ்வாய், காலை 7.30

நான் 14 மாதம் ஃப்ரீலான்ஸ் செய்துவிட்டு மறுபடி கம்பெனிக்கே போனவன். இப்போது கீரணத்தம். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

வேலை கிடைக்காமல் திரும்பவில்லை. மூன்று பார்ட்டி இருந்தார்கள், பணமும் பரவாயில்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கம்பெனியில் இருந்தவரை அப்பா, அம்மா இருவருக்கும் கம்பெனி எடுத்த மருத்துவக் காப்பீட்டுக் குரூப் பாலிசி இருந்தது. கடைசி வேலை நாளோடு அது முடிந்தது. தனிப் பாலிசி "அடுத்த மாதம் எடுக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே ஐந்து மாதம் போயிற்று. எடுத்தபோது அப்பாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை, ரத்த அழுத்தம். அதற்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம். ஆபரேஷன் செலவு 4,70,000 எங்கள் கையில் இருந்து போனது. சேமிப்பு முழுக்கக் காலி, மாமனாரிடம் கொஞ்சம் வாங்கினேன். மாமனாரிடம் வாங்கியது இன்னும் உறுத்துகிறது, அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதால் இன்னும் அதிகமாக.

எனக்கு அப்போது தெரியாத ஒன்று: குரூப் பாலிசியில் இருந்து அதே காப்பீட்டுக் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம். அதுவரை கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். ஆனால் கம்பெனிப் பாலிசி நடப்பில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த வாரமே எச்.ஆரிடம் கேளுங்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐ.டி. கார்டு, லேப்டாப், ஹெட்செட் எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கினார்கள்.

பனியன் டிசைன் | செவ்வாய், மதியம் 1.20

திருப்பூர். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குப் பிரின்ட் டிசைன், டெக்பேக் (துணியின் அளவு, தையல் விவரத் தாள்) வரைந்து கொடுக்கிறேன். ஏழு வருடமாகத் தனியாக.

பட்டறைக்காரர் சொன்ன நாள் கணக்குதான் உயிர். எங்கள் ஊரில் சனிக்கிழமை ஆனால் தையல்காரருக்குச் சம்பளம் போய்விடும், வாரச் சம்பளம். ஓனர் கடன் வாங்கியாவது கொடுப்பார், கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை ஆள் வராது. டிசைனருக்கு? "ஷிப்மென்ட் போகட்டும்." ஷிப்மென்ட் போனபின் "பையர் பணம் வரட்டும்." வந்தபின் "ஆடிட்டர் ஊரில் இல்லை." எனக்கு ஒரு கம்பெனி 1,40,000 வைத்திருக்கிறது. முதலாளி நல்ல மனிதர். பார்த்தால் காபி வாங்கிக் கொடுக்காமல் விட மாட்டார். அந்தக் காபிதான் ரொம்பக் கசக்கும்.

சட்டம் இருக்கிறது. சிறுதொழில்களுக்கான அரசின் உதயம் (Udyam) பதிவு செய்துகொண்டால் நாமும் குறுநிறுவனம். 2006-ஆம் வருடச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அரசின் இணையதளத்தில் புகார் போடலாம். 2024 ஏப்ரலில் இருந்து இன்னொன்றும் நடக்கிறது, நம் பணத்தை நாள் தாண்டி வைத்திருந்தால் அந்த வருடச் செலவாக அவர்கள் காட்ட முடியாது, வரி கூடும். அதனால் மார்ச் மாதம் மட்டும் என் போன் தானாக அடிக்கிறது.

புகார் போட்டேனா என்றால், இல்லை. போட்டால் பணம் வரலாம். அதன்பின் அந்த ரோட்டில் இருக்கிற நாலு கம்பெனியும் கதவைச் சாத்திவிடும். இப்போது செய்வது ஒன்றுதான்: புதுப் பார்ட்டி என்றால் பாதி அட்வான்ஸ், மீதி வாங்கிக்கொண்டு மூல ஃபைல். அதுவரை வாட்டர்மார்க் போட்ட படம்தான். இதனால் மூன்று பார்ட்டி போனார்கள். போனது நல்லதே.

பட்டறைக்காரர் | செவ்வாய், இரவு 9.05

காபி விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை.

தம்பிக்கு ஒன்று சொல்ல மறந்தேன். நான் ஒன்பது வருடம் ஒரே பார்ட்டிக்கு ஓட்டினேன். என் மூன்று லேத்தும் அவர்கள் பீஸுக்கே. ஒரு நாள் அவர்கள் சொந்தமாகச் சி.என்.சி. மெஷின் இறக்கினார்கள். டிரைவர் பையன் வந்து மிச்சப் பொருளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான், அவ்வளவுதான் சேதி. கம்பெனியில் ஆளை வேலையை விட்டு எடுப்பதென்றால் நோட்டீஸ் உண்டு, ஜாப் ஒர்க்காரனை நிறுத்த ஒரு டெம்போ போதும். ஜெர்மனிக்காரர் ஒருத்தரை நம்பி இறங்குவது, பார்ட்டி பிடித்தது ஆகாது. முதலாளியை மாற்றியது, பி.எஃப். இல்லாமல்.

சோமனூரான் | புதன், இரவு 11.40

எல்லோருக்கும் நன்றிங்க. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். எங்கள் அப்பா விசைத்தறி ஜாப் ஒர்க்காரர். எட்டுத் தறி. பாவு நூல் மாஸ்டர் கொடுப்பார், நெய்து கொடுத்தால் மீட்டர் கணக்கில் கூலி. 2014-இல் பேசிய கூலி கையில் வந்து சேராமலே வருடங்கள் ஓடின. 2025 மார்ச், ஏப்ரலில் சோமனூர், பல்லடம் பக்கம் ஒரு மாதம் தறிகளை நிறுத்திப் போராடினார்களே, அதில் அவரும் இருந்தார். தறிச்சத்தம் இல்லாமல் எங்கள் வீட்டில் நான் தூங்கியது அந்த மாதம்தான். அவருக்குத் தூக்கம் வரவில்லை, நடுராத்திரி தறிக்குடோனில் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

என்னைப் படிக்க வைத்ததே இந்தக் கூலிக் கணக்கில் இருந்து தப்பிக்கத்தான். "ஒண்ணாந்தேதி ஆனா மெசேஜ் வர்ற சோலி" என்றுதான் ஊரில் என் வேலையைச் சொல்வார். ஜெர்மனி விஷயத்தை அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்போது நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படித்தால், அவர் முப்பது வருடம் பார்த்த அதே தொழிலுக்குத்தான் போகிறேன் போல. தறிக்குப் பதில் லேப்டாப்.

இன்னொரு கேள்வி. வேலையில் இருந்துகொண்டே ஜெர்மனி வேலையை ஆரம்பித்துப் பார்க்கலாமா?

திரும்பியவன் | வியாழன், காலை 7.15

வேண்டாம். நியமனக் கடிதத்தில் வேறு வேலை செய்யக்கூடாது என்ற வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள். 2022 செப்டம்பரில் விப்ரோ 300 பேரை இதற்காக வெளியே அனுப்பியது செய்தியில் வந்ததே. அகப்படுவோமா இல்லையா என்ற வெசனத்தோடு இரண்டு வேலை பார்த்தால் இரண்டும் கெடும். எழுதிக் கேட்டு அனுமதி வாங்க முடிந்தால் அது வேறு.

பெருந்துறை அம்மிணி | வியாழன், காலை 10.05

அப்பாவிடம் சொல்லுங்கள். இங்கே உங்களுக்குப் பதில் எழுதிய எல்லோரையும்விட அவருக்கு இந்தத் தொழில் தெரியும்.

ஒரு வித்தியாசம் இருக்கிறதுங்க, அதையும் பார்க்க வேண்டும். அப்பாவுக்குக் கூலியை மாஸ்டர் சொல்வார், தறியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர் போக முடியாது. உங்களுக்கும் எனக்கும் பார்ட்டி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஒருவருக்கு வேண்டாம் என்று சொல்லும் வசதி ஆறு மாதச் செலவு கையில் இருந்தால் வரும். என் அனுபவத்தில் ஆறு போதாது, ஒன்பது. எட்டில் ஐந்து பார்ட்டி என்னை விட்டுப்போன வருடத்தில் நான் மூழ்காமல் இருந்தது அந்த ஒன்பதால்தான். கோழி கூப்பிட எழுந்து வேலை பார்த்ததால் என்று உறவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், அது பொய்.

வாய்க்கால்மேடு | வியாழன், மதியம் 2.30

வாழைக் கதையைச் சும்மா சொல்லவில்லை. நானும் 2017-இல் ஒரு ஜவுளி மில் மேனேஜர் வேலையை விட்டுத்தான் தோட்டத்துக்கு வந்தேன். ஒரு காற்றில் தார் போட்ட ஆயிரம் வாழை சாய்ந்தது. அதிலிருந்து பாதி நிலத்தில்தான் வாழை.

என் மச்சான் ஒருத்தன் சொந்தமாக வெப்சைட் செய்கிறான், மாதம் ரெண்டு லட்சம். பெண் பார்க்கப் போனால் "கம்பெனி பேர் என்ன?" என்கிறார்கள். கடைசியில் ஒரு கம்பெனி பேரை வைத்து, போர்டு எழுதி வீட்டு முன்னால் மாட்டினான். அடுத்த ஜாதகம் பொருந்திவிட்டது. தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அந்தச் செலவு மிச்சம்.

சோமனூரான் | நாலு மாதம் கழித்து, சனிக்கிழமை இரவு

பழைய இழையைக் கிளப்புவதற்கு மன்னிக்கவும். என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள்.

உடனே விடவில்லை. ஜெர்மனி நண்பரிடம் பணம் எந்தத் தேதியில் என்று கேட்டேன். "மாத முடிவில் பில், அதிலிருந்து 30 நாள்" என்றார். அதாவது முதல் பணம் 60 நாள் கழித்து. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பில், 10 நாளில் பணம் என்று கேட்டேன், மூன்று வாரம் இழுத்து ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஆறு மாத உறுதி மூன்றாகக் குறைந்தது. மணிக்கு 24 யூரோ கேட்டு 22-இல் நின்றது.

அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து "எத்தனை நாள் கடன்?" என்றார். பத்து என்றேன். "பாவு அவுங்குளுதா, உன்னுதா?" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. எழுதுகிற புரோகிராம் கடைசியில் யாருக்குச் சொந்தம் என்று கேட்கிறார். பணம் முழுக்க வரும்வரை என்னுடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தது அன்றைக்குத்தான். அதன்பின் இரண்டு நாள் பேசவில்லை.

திருப்பூரில் ஒரு கம்பெனிக்கு ஆர்டர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் சாஃப்ட்வேர் வேண்டுமாம். பனியன் டிசைன் அண்ணன் கோர்த்துவிட்டார். பாதி அட்வான்ஸ் வந்துவிட்டது. காபியும் வந்தது.

மருத்துவப் பாலிசி மாறியாயிற்று, அப்பா அம்மாவையும் சேர்த்து. பிரீமியத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் எதுவும் பேசவில்லை நான். திரும்பியவன் அண்ணா, உங்கள் பதிவு இல்லாவிட்டால் கேட்டே இருக்க மாட்டேன். சேமிப்பு இப்போது ஏழு மாதச் செலவுக்கு வரும், ஒன்பது ஆகவில்லை அக்கா. நோட்டீஸ் கொடுத்து 40 நாள் ஆகிறது. மேனேஜர் பத்து சதவீதம் கூட்டித் தருகிறேன் என்றார். இரண்டு ராத்திரி அசைந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேரேடு சார், உதயம் பதிவு போட உட்கார்ந்தேன். ஒரு தளம் 1,999 கட்டச் சொல்கிறது. தொழில் குறியீடு 62011 போடவா, 62020 போடவா?

பேரேடு | ஞாயிறு, காலை 8.10

காசு கேட்கிற தளத்தை மூடுங்கள். அரசுத் தளத்தில் உதயம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் கால் மணி நேரம்.

பார்ட்டிக்குத் தகுந்த மாதிரி புரோகிராம் எழுதிக் கொடுப்பதென்றால் 62011. ஆலோசனை மட்டும் என்றால் 62020. இரண்டையும் சேர்த்தே போடலாம். அதற்கு முன்னால் பான் கார்டிலும் ஆதாரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் விரித்துப் பின்னாலும் இருக்கும், நம் ஆட்கள் மாட்டுவது அங்கேதான்.

சோமனூரான் | ஞாயிறு, காலை 8.25

மாட்டிக்கொண்டேன் சார். பானில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது.